பழகிப்போச்சு என்று சொல்லாதீர்கள்



காலை எட்டு மணிக்கு நாரணாபுரத்திலிருந்து சிவகாசிக்குப் போகும் ரோட்டைப் பாருங்கள். பட்டாசு ஆலைக்கு ஆள் ஏற்றிப் போகும் வேன், பேப்பர் லோடு லாரி, மினி பஸ், ஷேர் ஆட்டோ. இவற்றுக்கு நடுவே தாரும் மண்ணும் சேரும் விளிம்பில் நம் பிள்ளைகள் சைக்கிள் மிதிக்கிறார்கள். எங்கள் மாலை வகுப்புக்கு வருகிறவர்களிடம் "பயமா இல்லையா?" என்று கேட்டால் ஒரே பதில்தான்: "பழகிப்போச்சுண்ணே."

சைக்கிள் கையில் வந்த முதல் மாதம் ஹாரன் கேட்டாலே இறங்கி ஓரமாக நிற்கிறார்கள். ஒரு வருடம் போனதும் ஒற்றைக் கையில் ஓட்டுகிறார்கள். நின்ற பஸ்ஸின் இடதுபக்க இடுக்கில் நுழைகிறார்கள். திரும்பிப் பார்க்காமலே வலப்பக்கம் வளைக்கிறார்கள். அனுபவம் நமக்குத் திறமை தருகிறது. கூடவே, நேற்று ஒன்றும் ஆகவில்லை, இன்றைக்கும் ஆகாது என்ற நினைப்பையும் தந்துவிடுகிறது. ஆனால் லாரி அதேதான். இடப்பக்கம் ஒட்டி வரும் சைக்கிள் டிரைவர் கண்ணில் படாது. மண்ணில் இறங்கிய முன்சக்கரம் தார் விளிம்பில் ஏறும்போது வழுக்கும். 2022இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அவர்களில் சுமார் 4,800 பேர் சைக்கிளில் போனவர்கள்.

'பழகிப்போச்சு' என்ற சொல்லை நம் வட்டாரம் நன்றாக அறியும். மருந்து கலக்கிற கைகளும் இதையேதான் சொல்லும். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி பட்டாசு ஆலை வெடித்தபோது கிட்டத்தட்ட 40 பேர் இறந்தார்கள். தீயைப் பார்த்து ஓடிவந்தவர்களும் அதில் உண்டு. ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் தொழிலாளியின் 'கவனக்குறைவு' என்று பேச்சு வரும். சைக்கிளில் போனவர் விழுந்தாலும் அதே பேச்சுதான். ரோட்டோரம் மண் நிரப்பாதவர்களின் கவனக்குறைவையும், ஆளை அடைத்து வேனை விரட்டுகிறவர்களின் கவனக்குறைவையும் யாரும் கேட்பதில்லை. அதுவும் எல்லோருக்கும் பழகிப்போய்விட்டது.

நமக்கு இன்னொரு பழக்கமும் இருந்தது. ஊர்த்தெரு வந்ததும் சைக்கிளை விட்டு இறங்கி, செருப்பைக் கழற்றித் தள்ளிக்கொண்டு போவது. அதைச் சொல்லும் தாத்தாக்கள் நம் காலனிகளில் இன்றும் இருக்கிறார்கள். ஏன் இறங்கினீர்கள் என்று கேட்டால், "அப்படியே பழகிப்போச்சுய்யா" என்பார்கள். அடிக்குப் பயந்து தொடங்கியது பிறகு வழக்கமாகவே ஆகிவிட்டது. தலித் ஒருவர் பொது இடத்தில் சைக்கிளோ பைக்கோ ஓட்டுவதைத் தடுப்பது வன்கொடுமை என்று 2015 சட்டத் திருத்தம் எழுதியது. 2016 ஜனவரி 26 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. ஆனாலும் 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டம் மேலப்பிடாவூரில் புல்லட் ஓட்டியதற்காகத் தலித் மாணவர் ஒருவரின் கைகளை வெட்டியதாக வழக்கு பதிவானது.

தமிழ்நாட்டில் விலையில்லா சைக்கிள் திட்டம் 2001-02இல் தொடங்கியபோது முதலில் கிடைத்தது மேல்நிலை வகுப்பில் படித்த பட்டியல் சாதி, பழங்குடி மாணவிகளுக்குத்தான். அதற்குப் பத்து வருடம் முன்பே புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றார்கள். அவர்கள் கேலிக்கும் பயப்படவில்லை, தெருவுக்கும் பயப்படவில்லை.

ஆகவே, எந்தப் பயத்தை விடுவது, எதை வைத்துக்கொள்வது என்று நாம் பிரித்துப் பார்க்க வேண்டும். தெருவில் இறங்கச் சொல்லும் பயத்தை விடுவோம். யாராவது இறக்கினால் இடம், நேரம், சாட்சி குறித்துக்கொண்டு புகார் எழுதுவோம். லாரியைப் பார்க்கும் பயத்தை மட்டும் வைத்துக்கொள்வோம். பிரேக் கட்டையைப் பார்ப்போம், பின்னால் சிவப்பு ரிப்ளெக்டர் ஒட்டுவோம், திரும்பும் முன் பின்னால் பார்த்துக் கை காட்டுவோம், பஸ் நின்றால் நாமும் பின்னால் நிற்போம். ரோட்டோரம் மண் நிரப்பவும், தெருவிளக்கு போடவும், பள்ளி வாசலில் வேகத்தடை வைக்கவும் கிராம சபையிலோ வார்டு கூட்டத்திலோ தீர்மானம் கேட்போம்.

நம் தாத்தாக்கள் ஏற முடியாத சைக்கிளில் ஏறிப் போகும் பிள்ளைகள் பத்திரமாக வீடு திரும்ப வேண்டும். ஒரு சாவைக்கூட 'பழகிப்போச்சு' என்று நாம் கடந்து போக முடியாது.

ஜெய்பீம்.