அடைப்புக்குறியின் அகலம்

நுழையும்முன்

கணக்கில் எண்களுக்கு மட்டுமன்று, குறிகள் நிற்கும் இடத்துக்கும் பொருள் உண்டு. ஓர் அடைப்புக்குறி எங்கே தொடங்கி எங்கே முடிய வேண்டும் என்பதில் அச்சுக்கோப்பவருக்கும் பொறுப்பு இருக்கிறது. அப்பணியில் நேர்ந்த ஒரு பிழையையும் அது தந்த படிப்பினையையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

என் தந்தையார் அச்சுக்கோப்பாளர். எங்கள் ஊர்க் கடைத்தெருவில் இருந்த சிறிய அச்சகத்தில் ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கோத்துச் சொல்லாக்குவது அவர் தொழில். பள்ளி விட்டதும் அவருக்குத் தேநீர் வாங்கிச் செல்வேன். எழுத்துப் பெட்டியின் மூலையில் இருந்த ஒரு சிறு அறையில், எந்த எழுத்தோடும் சேராத துண்டுகள் கிடக்கும். சில கொக்கிபோல் வளைந்திருக்கும். சில நடுவில் கூர்முனை கொண்டிருக்கும். மற்றவை வெறும் கோடுகள். “இவை எதற்கு?” என்று ஒருநாள் கேட்டேன். அவர் வாயால் விடை கூறவில்லை. ஒரு முனைத்துண்டு, சில கோடுகள், நடுத்துண்டு, மீண்டும் சில கோடுகள், மறுமுனைத்துண்டு என வரிசையாக அடுக்கினார். மை தடவித் தாளில் ஒற்றிக் காட்டினார். நெளிவான அடைப்புக்குறி ஒன்று தாளில் பதிந்திருந்தது. கோடுகளைக் கூட்டினால் அது நீளும், குறைத்தால் சுருங்கும்.

கோயில் திருவிழா அழைப்பிதழ்களில்தான் அக்குறி மிகுதியாகப் பயன்பட்டது. பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும். அவற்றின் வலப்புறத்தில் நெடுக ஓர் அடைப்புக்குறி. அதன் கூர்முனைக்கு எதிரே ‘விழாக் குழுவினர்’ என்னும் சொல். குறியின் முனை ஒரு வரி மேலே நின்றுவிட்டால், கடைசிப் பெயருக்கு உரியவர் குழுவில் இல்லை என்று பொருளாகிவிடும். ஒரு வரி கீழே இறங்கிவிட்டால், குழுவில் இல்லாதவர் குழுவினராகிவிடுவார். இரண்டும் ஊரில் வழக்காகும். எனவே, தந்தையார் அக்குறியை இரண்டு முறை அளந்து பார்த்த பின்னரே அச்சுக்கு அனுப்புவார்.

ஈய எழுத்துகளின் காலம் முடிந்தது. நான் அதே தொழிலைக் கணினியில் செய்யலானேன். கணித நூல்களைக் கோப்பது என் பணியாயிற்று. அதற்கு நான் கற்றுக்கொண்ட மென்பொருள் ‘டெக்’ என்பது. அதன் வரலாறே ஓர் அச்சுக் குறையிலிருந்து தொடங்குகிறது. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் டொனால்டு நூத், கணினி நிரலாக்கம் குறித்துப் பல தொகுதிகளாக நூல் எழுதி வந்தார். 1968இல் வெளிவந்த முதல் தொகுதி ஈய எழுத்துகளால் அழகாக அச்சிடப்பட்டிருந்தது. 1977இல் இரண்டாம் தொகுதியின் புதிய பதிப்புக்குரிய மெய்ப்புகள், புதிதாக வந்த ஒளி அச்சுக்கோப்பு முறையில் அவரிடம் வந்தன. அவற்றின் தோற்றம் அவரை வருத்தியது. தம் நூலைத் தாமே கோப்பதற்கு ஒரு மென்பொருளை உருவாக்கத் தொடங்கினார். கலை, கைத்திறன் ஆகிய இரண்டையும் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதற்குப் பெயரிட்டார்.

அம்மென்பொருள் எண்களுக்கு அடியில் நெளிவு அடைப்புக்குறியை இடும் முறையைக் கற்ற நாளில் வியப்படைந்தேன். அங்கும் அதே துண்டுகள்! இரு முனைகளுக்கும் ஒவ்வொரு வளைவு, நடுவிலுள்ள கூர்முனைக்கு இரு வளைவுகள், அவற்றை இணைக்க வேண்டிய அளவு நீளும் இரண்டு கோடுகள். தந்தையாரின் எழுத்துப் பெட்டி கணினிக்குள் குடியேறியிருந்தது. பின்னங்களையும் அணிகளையும் இருபுறமும் அணைத்து நிற்கும் உயரமான குறிகளுக்கும் அதில் தனி விதி உண்டு. உள்ளடக்கத்தின் உயரத்தில் 1000இல் 901 பங்கையேனும் குறி தழுவ வேண்டும். தழுவாமல் விடுபடும் உயரம் 5 புள்ளிகளைத் தாண்டக்கூடாது. ஓர் அங்குலத்துக்கு 72.27 புள்ளிகள் என்பது அம்மென்பொருளின் கணக்கு. இவ்வளவு நுட்பமாக அளக்கும் கருவி இருக்கையில் பிழை எப்படி நேரும் என்று நான் எண்ணியிருந்தேன்.

கருவி அளப்பது அகலத்தையும் உயரத்தையும் மட்டுமே. பொருளை அது அறியாது.

தமிழ்வழி மாணவர்களுக்கான பயிற்சி நூல் ஒன்றைக் கோத்துக்கொண்டிருந்தேன். கூட்டுத்தொடர் வரிசையில் ஓர் எடுத்துக்காட்டு: முதல் உறுப்பு 3, பொது வித்தியாசம் 4, எட்டாவது உறுப்பு யாது? 3 + 4 + 4 + … + 4 = 31 என்பது அவ்வரி. நான்குகளுக்கு அடியில் மட்டும் ஓர் அடைப்புக்குறி இட்டு, அதன்கீழ் ‘பொது வித்தியாசம் ஏழு முறை’ என்று எழுத வேண்டும். மூன்றோடு நான்கை ஏழு முறை கூட்டினால் 31 கிடைக்கும்.

குறிக்கு அடியில் எழுதும் சொற்கள் குறியைவிட அகலமாக இருந்தால், மென்பொருள் அச்சொற்களுக்கும் சேர்த்தே இடம் ஒதுக்கும். அதனால் மேல்வரியின் எண்கள் விலகி நிற்கும். என் வரியில் அதுதான் நேர்ந்தது. மூன்றுக்கும் நான்குகளுக்கும் இடையே பள்ளம் விழுந்தாற்போல் வெற்றிடம். இதற்கு மாற்று உண்டு. சொற்களின் அகலத்தைக் கணக்கில் கொள்ளாதே என்று மென்பொருளுக்குக் கட்டளையிடலாம். அவ்வாறே செய்தேன். வெற்றிடம் மறைந்தது. ஆனால், குறுகிய குறியும் அதன் இருபுறமும் பிதுங்கிய நீண்ட சொற்றொடரும் என் கண்ணுக்குப் பொருந்தவில்லை. குறியைச் சற்று இடப்புறம் நீட்டினேன். இப்போது அது சொற்றொடருக்குச் சமமான அகலத்தோடு வரியின் அடியில் ஒழுங்காக அமர்ந்தது. மெய்ப்பு பார்த்தவரும் எதுவும் கூறவில்லை. நூல் அச்சாயிற்று.

சில மாதங்களுக்குப் பின் ஓர் ஆசிரியையின் கடிதம் வந்தது. அவர் வகுப்பு மாணவி ஒருத்தி அந்த எடுத்துக்காட்டைப் பலமுறை செய்து பார்த்திருக்கிறாள். குறி 3இன் அடியிலிருந்தே தொடங்குவதால், மூன்றையும் சேர்த்தே ஏழு உறுப்புகள் என்று கொண்டாள். ஒரு மூன்றும் ஆறு நான்குகளும் சேர்ந்தால் 27. நூலிலோ 31 என்று இருந்தது. புத்தகம் தவறாக இருக்கும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. கணக்கு தனக்கு வராது என்று முடிவு செய்து, ஏட்டை மூடி வைத்துவிட்டாள். ஆசிரியை தற்செயலாக அந்த ஏட்டைப் பார்த்ததால் உண்மை தெரிந்தது. “அவள் சரியாகத்தான் எண்ணினாள்” என்று கடிதத்தை முடித்திருந்தார்.

அன்றிரவு தந்தையாரிடம் அப்பக்கத்தைக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, குறியின் இரு முனைகளையும் விரலால் தொட்டுப் பார்த்தார். “குழுவில் இல்லாதவனைச் சேர்த்துவிட்டாயேடா” என்றார்.

மறு அச்சில் குறியின் இடமுனையை முதல் நான்கின் அடிக்கே கொண்டு வந்தேன். அதன் கீழிருந்த சொற்றொடரை ‘பொது வித்தியாசம்’ என்றும் ‘ஏழு முறை’ என்றும் இரண்டு வரிகளாக மடித்தேன். வெற்றிடமும் இல்லை, பிதுங்கலும் இல்லை. இந்த எளிய வழி முதலிலேயே எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். சொல்லுக்கு ஏற்பக் குறியை நீட்டினேனே அன்றி, குறிக்கு ஏற்பச் சொல்லை அமைக்க எண்ணவில்லை. விற்று முடிந்த படிகளுக்கு என்னால் ஒன்றும் செய்ய இயலவில்லை. ஆசிரியைக்கு மட்டும் பிழையை ஒப்புக்கொண்டு மறுமொழி எழுதினேன். அதை அந்த மாணவியிடம் காட்டுமாறு கேட்டுக்கொண்டேன்.

டெக் மென்பொருளை உருவாக்கிய நூத், தம் நூல்களில் பிழையை முதலில் கண்டு சொல்வோருக்கு 2.56 டாலர் பரிசளிப்பதை வழக்கமாகக் கொண்டிருந்தவர். பிழை காண்பவர் நூலுக்கு நன்மை செய்கிறார் என்பது அதன் பொருள். அந்த மாணவிக்கு நானும் அவ்வாறே கடன்பட்டிருக்கிறேன்.

இப்போதும் நாள்தோறும் அடைப்புக்குறிகளை இடுகிறேன். ஒவ்வொன்றையும் இட்டபின், திரையில் அதன் இரு முனைகளையும் விரலால் தொட்டு, உள்ளே நிற்பவற்றை எண்ணுகிறேன். நீங்களும் கணக்குப் புத்தகத்தில் இத்தகைய குறியைக் காணும்போது அதன் இரு முனைகளையும் பாருங்கள். எண்ணி வந்த விடை அச்சிட்ட விடையோடு பொருந்தாவிடில் மீண்டும் ஒருமுறை எண்ணுங்கள். அப்போதும் பொருந்தாவிடில், ஏட்டை மூடிவிடாமல் புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஆசிரியரிடம் செல்லுங்கள்.