பழைய பேர்னஸும் ஒரு கையெழுத்தும்

போன தை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, விடிய நாலரை மணிக்கு மனுசி என்னைத் தட்டி எழுப்பினா.

"இஞ்சருங்கோ, மூக்கு நுனி விறைக்குது. கீழ போய் ஒருக்காப் பாருங்கோ."

தெர்மோஸ்டாட் 15 காட்டியது. நாங்கள் வழக்கமாக வைப்பது 21. வெளியே மைனஸ் 19. சாரத்துக்கு மேல் குளிர்ச்சட்டையைப் போட்டுக்கொண்டு பேஸ்மென்டுக்கு இறங்கினேன். பேர்னஸ் மூச்சுப் பேச்சில்லாமல் நின்றது.

எனக்கும் பேர்னஸுக்கும் உள்ள உறவு பழையது. 1989இல் கனடா வந்து முதல் இரண்டு வருடம் ஸ்காபரோவில் ஒரு பேஸ்மென்டில், பேர்னஸ் அறைக்குப் பக்கத்து அறையில்தான் படுத்தேன். நாலு பேருக்கு ஒரு அறை. இரவில் அது 'டக்' என்று பற்றி 'ஹும்' என்று இரையத் தொடங்கும். சாவகச்சேரியில் யன்னலைத் திறந்து வைத்துப் படுத்தவனுக்கு முதல் கிழமை நித்திரையே இல்லை. பிறகு அந்தச் சத்தம் இல்லாவிட்டால் நித்திரை வராது என்று ஆயிற்று. இப்போதைய வீட்டில் இருந்தது 2002இல் பூட்டியது. 23 வருடம் உழைத்துவிட்டது. பேர்னஸுக்குச் சராசரி ஆயுள் 15 முதல் 20 வருடம் என்பார்கள். மகள் மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். "ஓடுறதை ஏன் மாத்துவான்?" என்பது என் பதில்.

ஒன்பது மணிக்கு ஒரு கொம்பனியிலிருந்து பெடியன் ஒருவர் வந்தார். மூடியைக் கழற்றி, சிறிய கமெராவை உள்ளே விட்டு, படத்தை எனக்கும் காட்டினார். ஹீற் எக்ஸ்சேஞ்சரில் வெடிப்பு. நெருப்பின் புகை ஒரு பக்கமும் நாங்கள் சுவாசிக்கும் காற்று மறுபக்கமும் போக, இரண்டையும் பிரித்து வைத்திருக்கும் இரும்புக் கூடு அது. அது வெடித்தால் காபன் மொனொக்சைட் வீட்டுக்குள் வரலாம். நிறமில்லை, மணமில்லை, நித்திரையிலேயே ஆளைக் கொண்டுபோய்விடும். அவர் காஸைப் பூட்டி, சிவப்பு அட்டை ஒன்றைத் தொங்கவிட்டார். அதில் எனக்குக் கோபம் இல்லை. அப்படியொரு வெடிப்பைக் கண்டால் பூட்டத்தான் வேண்டும்.

பிறகுதான் விசயம் வந்தது. "அங்கிள், பின்னேரமே புதுசு பூட்டித் தரலாம். கையில காசு ஒண்டும் தேவையில்லை. மாதம் 129 டொலர் வாடகை. திருத்த வேலை எல்லாம் எங்கட பொறுப்பு." ரப்லெற்றை நீட்டினார். விரலால் கையெழுத்துப் போட்டால் சரி.

மனுசி கம்பளியைப் போர்த்துக்கொண்டு குசினி வாசலில் நின்றா. விரலைத் தூக்கிவிட்டேன். அப்போதுதான் எனக்கு 2015 ஞாபகம் வந்தது.

அந்த வருடம் ஐப்பசி மாதம், பொழுதுபடுகிற நேரம், கழுத்தில் அட்டை தொங்க ஒரு இளைஞர் கதவைத் தட்டினார். "வணக்கம் ஐயா. எந்த ஊர் நீங்கள்?" சாவகச்சேரி என்றேன். தன்னுடைய அப்பப்பா மீசாலை என்றார். பிறகென்ன, உள்ளே கூப்பிட்டு இருத்தினோம். சுடுதண்ணீர்த் தாங்கியைப் 'பரிசோதிக்க' வந்தவர், அது பழசு, காஸைத் தின்னுகிறது என்றார். காஸ் பில்லைக் கேட்டு வாங்கினார். கடைசியில் புதுத் தாங்கிக்கு 10 வருட வாடகை ஒப்பந்தத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். வாடகை வருடா வருடம் ஏறியது. 2021இல் மகளின் வீட்டுக்கு முற்பணம் கொடுக்க எங்கள் வீட்டின் மேல் கடன் எடுக்கப் போனபோது, வழக்கறிஞர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "உங்கள் காணிப் பதிவில் ஒரு கொம்பனி உரிமை பதிந்திருக்கிறதே, தெரியுமா?" என்று கேட்டார். சுடுதண்ணீர்த் தாங்கிக்காக என் வீட்டின் மேல் ஒரு பதிவு! அதை எடுக்க 4,300 டொலர் கட்டினேன்.

இதை வீட்டில் ஒருவருக்கும் சொல்லவில்லை. நான் 30 வருடத்துக்கு மேல் ஒரு தொழிற்சாலையில் கணக்கு எழுதினவன். எங்கள் தெருவில் யாருக்கு அரசாங்கக் கடிதம் வந்தாலும் வாசிக்க என்னிடம்தான் கொண்டு வருவார்கள். ஒவ்வொரு கடதாசியையும் இரண்டு தரம் வாசி என்று ஊருக்குச் சொல்கிறவன், தன் வீட்டு மேசையில் வாசிக்காமல் போட்ட கையெழுத்தை எப்படிச் சொல்வது?

அந்த விரலை இறக்கினேன். "மகளைக் கேட்டுச் சொல்லுறன் தம்பி" என்றேன். "பின்னேரம் வேற வீட்டுக்குப் போயிடுவம் அங்கிள், பிறகு ரெண்டு மூண்டு நாள் செல்லும்" என்றார். பரவாயில்லை என்றேன். மனுசி என்னைப் பார்த்த பார்வை மைனஸ் 19ஐ விடக் குளிர்.

மத்தியானம் மகள் ஏஜக்ஸிலிருந்து மூன்று மின்சார ஹீற்றர்களோடு வந்தாள். எல்லாவற்றையும் ஒரே அறையில் செருகினோம், பிறேக்கர் விழுந்தது. ஒவ்வொன்றும் 1,500 வாட். ஒரு சேர்க்கிற்றுக்கு ஒன்றுதான் தாங்கும். குழாய்கள் உறையாமல் இருக்கத் தண்ணீரை நூல்போல் ஓடவிட்டு, தொட்டிக்குக் கீழுள்ள அலுமாரிக் கதவுகளைத் திறந்து வைத்தோம். காஸ் அடுப்பைக் கொளுத்தி வைப்போமா என்று மனுசி கேட்டா. கூடவே கூடாது. பேர்னஸுக்குப் பயந்து அடுப்பிடம் போய் அதே நஞ்சை வாங்குவதாக முடியும்.

மகள் முதலில் பழைய கடித உறை ஒன்றின் பின்னால் கணக்குப் போட்டாள். 129 டொலர், 120 மாதம்: 15,480 டொலர். "அப்பா, இது ஒரு பேர்னஸ் இல்லை, மூண்டு பேர்னஸ்" என்றாள். கணக்கெழுதினவன் வாயைத் திறக்கவில்லை.

பின்னேரம் இரண்டாமவர் வந்தார். நல்ல மனிதர், அவரும் தமிழர். பழைய பேர்னஸில் ஒட்டியிருந்த தாளை வாசித்து, "100,000 பி.ரி.யு. அதையே போடுவம்" என்று இரண்டு நிமிடத்தில் விலை சொல்லிவிட்டுப் போனார்.

புதன் காலை வந்தவர் போலந்துக்காரர், ஐம்பது வயது மதிக்கலாம். சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, அறை அறையாக அளந்தார். யன்னல்கள் எப்போது மாற்றியது, கூரைக்குக் கீழ் என்ன தடிப்பில் பஞ்சு இருக்கிறது, எந்த அறை குளிரும் என்று கேட்டார். இப்படி வீடு இழக்கும் வெப்பத்தைக் கணித்துத்தான் அளவைத் தீர்மானிக்க வேண்டுமாம். முடிவில், "60,000 போதும்" என்றார்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. சின்னதைப் போட்டுக் கிழவனையும் கிழவியையும் விறைக்க வைக்கப் போகிறாரோ? அவர் கடதாசியில் எழுதிக் காட்டினார். பழையது 100,000 எரித்தாலும் அதன் திறன் 80 வீதம். வீட்டுக்குக் கிடைத்தது 80,000. மிச்சம் புகைபோக்கியால் ஆகாயத்துக்கு. புதியது 96 வீதம். 60,000 எரித்தால் 57,600 வீட்டுக்குள் வரும். நாங்கள் யன்னல் மாற்றி, கூரைக்குப் பஞ்சும் போட்டபடியால் இந்த வீட்டுக்கு அது போதும். அளவுக்கு மிஞ்சினது சட்டென்று சூடாக்கி நின்றுவிடும். திரும்பப் பற்றும், திரும்ப நிற்கும். தூர அறைகளுக்குச் சூடு ஒழுங்காகப் போய்ச் சேராது, இயந்திரமும் கெதியில் தேயும். நாலு பேருக்குச் சோறு வைக்கக் கலியாணப் பானையை ஏற்றுகிற கதை. நெருப்பு இரண்டு படியாக எரியும் மாதிரியையே எடுக்கச் சொன்னார். பெரும்பாலான நாளில் சின்ன நெருப்பிலேயே மெதுவாக ஓடும்.

80 வீதப் பேர்னஸ் இனிக் கிடைக்காது. கனடாவில் 2019 யூலையிலிருந்து காஸ் பேர்னஸுக்குக் குறைந்தது 95 வீதத் திறன் வேண்டும் என்பது விதி. மகள் ஹீற் பம்ப் போடலாமே என்றாள். நல்ல யோசனைதான், ஆனால் எங்கள் ஏசி 2019இல்தான் மாற்றியது. அது பழுதாகும்போது அந்த இடத்தில் ஹீற் பம்ப் வைக்கலாம், இதே பேர்னஸ் கடும் குளிருக்குத் துணை நிற்கும் என்றார் அவர்.

பிறகு அவர் புகைபோக்கியைப் பார்த்தார். புது பேர்னஸின் புகை பிளாஸ்டிக் குழாயால் பக்கச் சுவர் வழியாகப் போய்விடும். பழைய புகைபோக்கியில் சுடுதண்ணீர்த் தாங்கி மட்டும் தனித்து நிற்கும். பெரிய புகைபோக்கியில் அதன் கொஞ்சப் புகை ஆறிவிட்டால் மேலே ஏறாமல் வீட்டுக்குள் திரும்பலாம். ஆகவே உள்ளே ஒடுக்கமான குழாய் இறக்க வேண்டும். மற்ற இருவரும் இதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

"தாங்கி உங்களுடையதா, வாடகையா?" என்று கேட்டார்.

"வாடகை" என்றா மனுசி. "எங்கட" என்றேன் நான்.

இரண்டும் ஒரே நேரத்தில் வந்தன. மகள் என்னைப் பார்த்தாள். அவர் வெளியே குழாய் வைக்கும் இடத்தைப் பார்க்கப் போனார். நான் கதிரையில் இருந்து எல்லாவற்றையும் சொன்னேன். மீசாலை, காஸ் பில், வழக்கறிஞர், 4,300 டொலர். பத்து வருடம் சுமந்ததைச் சொல்ல ஐந்து நிமிடம் கூட எடுக்கவில்லை.

மனுசி கன நேரம் பேசவில்லை. பிறகு, "அந்தப் பெடியனுக்கு நான் தேத்தண்ணியும் போட்டு, பருத்தித்துறை வடையும் குடுத்தனே" என்றா. ஏசுவா என்று நினைத்திருந்தேன். இரண்டு பேரும்தான் அவரை வீட்டுக்குள் எடுத்தோம் என்று அவ சொன்ன மாதிரி இருந்தது. மகள், "அப்பா, அண்டைக்கே என்னட்டச் சொல்லியிருக்கலாமே" என்றாள். அவ்வளவுதான்.

வியாழக்கிழமை பேர்னஸ் பூட்டினார்கள். புகைபோக்கிக் குழாயோடு 5,900 டொலர். பின்னேரம் நாலு மணிக்கு அது பற்றியது. சத்தமே இல்லை. நான் கையைக் காற்றுத் துவாரத்தில் வைத்துத்தான் நம்பினேன்.

என் வயதுக்காரருக்குச் சில வார்த்தைகள். உங்கள் பேர்னஸ் 15 வயதைத் தாண்டியிருந்தால் புரட்டாதியிலேயே விலை விசாரியுங்கள். குளிரில் விறைத்துக்கொண்டு பேரம் பேச முடியாது. மூன்று பேரைக் கூப்பிடுங்கள். வீட்டை அளக்காமல் விலை சொல்பவரை நம்பாதீர்கள். ரி.எஸ்.எஸ்.ஏ.யில் பதிந்த கொம்பனியா, வருபவருக்கு காஸ் வேலைக்கான சான்றிதழ் உண்டா என்று கேளுங்கள். ஊர்ப்பேச்சு ஒரு லைசென்ஸ் அல்ல. படுக்கை அறைகளுக்குப் பக்கத்தில் காபன் மொனொக்சைட் அலாரம் இருக்க வேண்டும். ஒன்ராறியோவில் அது சட்டம். 2018 மார்ச் முதலாம் திகதியிலிருந்து கூப்பிடாமல் வாசலுக்கு வந்து பேர்னஸ், சுடுதண்ணீர்த் தாங்கி விற்பதும் தடை. வாடகைப் பொருளுக்காக வீட்டுக் காணியில் பதிவு போடுவதை 2024 யூனில் நிறுத்திவிட்டார்கள். வீட்டில் வைத்துக் கையெழுத்திட்ட ஒப்பந்தம் என்றால், பிரதி கைக்கு வந்து 10 நாளுக்குள் காரணம் சொல்லாமலே ரத்துச் செய்யலாம். 2015இல் சுடுதண்ணீர்த் தாங்கிக்கு எனக்கு 20 நாள் இருந்தது. மகளிடம் ஒரு சொல் சொல்லியிருந்தால் அவள் அதைக் கண்டுபிடித்திருப்பாள்.

இப்போது மாதம் பிறந்தால் கீழே இறங்கி பில்ரரைப் பார்க்கிறேன். மேலே வர, "என்னவாம் உங்கட ஆள்?" என்று மனுசி கேட்பா. சுகமாக இருக்கிறார் என்பேன்.