தாத்தா காருக்கு பெல்ட் வந்த கதை

வருகிற செய்தியை ஐந்தே நிமிடத்தில் அடித்து இணையத்தில் ஏற்றுவதுதான் என் வேலை. அதில் பாதி விபத்துச் செய்தி. 'பிரேக் பிடிக்காததால் கட்டுப்பாட்டை இழந்த கார்...' என்ற வரியை எத்தனை முறை அடித்திருப்பேனோ, கணக்கே இல்லை. கை தானாக அடித்துவிடும். போன தை மாதம் அந்த வரிக்குள் நானே ஒருமுறை போய்விட்டு வந்தேன்.

எனக்குச் சொந்த ஊர் பூம்புகார். வீட்டு வாசலில், வேப்பமரத்தடியில் ஒரு வெள்ளை அம்பாசடர் நிற்கும். 1978 மாடல், மார்க் 3. தாத்தா செகண்ட் ஹேண்டில் வாங்கியது. அப்பாவுக்குக் கல்யாண ஊர்வலம் போனது, அத்தையைப் பிரசவத்துக்குக் கூட்டிப் போனது, பிறந்த என்னை வீட்டுக்குக் கொண்டுவந்தது எல்லாம் அந்த வண்டிதான். மேற்கு வங்கத்தின் உத்தர்பாரா தொழிற்சாலையில் அம்பாசடர் தயாரிப்பை 2014-ல் நிறுத்தியபோது, வீட்டில் துக்கச் செய்தி வந்த மாதிரி தாத்தா அன்று சாப்பிடவே இல்லை.

பொங்கலுக்கு லீவில் போயிருந்தேன். உறவில் ஒரு வளைகாப்பு. "நான் ஓட்டறேன் தாத்தா" என்று சாவியை வாங்கினேன். என் இடது பக்கம் தாத்தா, எங்கள் இருவருக்கும் நடுவில் சித்தப்பா பையன், ஆறு வயசு. அம்பாசடரின் முன் சீட் பெஞ்சு மாதிரி நீளமாக இருக்கும். அதில் நின்றுகொண்டு வேடிக்கை பார்ப்பது எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பரம்பரை உரிமை. நானும் அப்படி நின்றவள்தான். பின்சீட்டில் அப்பாயி.

விழுப்புரம்–நாகப்பட்டினம் நால்வழிச்சாலையில் ஏறியதும் எனக்குக் கொஞ்சம் மிதப்பு வந்துவிட்டது. "எட்டிப் போ பாப்பா, முன்னாடி போறவனை ஒட்டிப் போகாதே" என்றார் தாத்தா. "நாப்பதுல போனா பின்னாடி வர்றவன் ஏத்திடுவான் தாத்தா" என்றேன்.

முன்னால் போன புதுக் கார், வைக்கோல் ஏற்றிய டிராக்டர் ஒன்று குறுக்கே திரும்பியதும் சட்டென்று பிரேக் அடித்தது. போட்ட இடத்திலேயே நின்றது. நானும் மிதித்தேன். பெடல் மெத்தென்று கீழே போனது. மறுபடி மிதித்தேன், பாதிதான் பிடித்தது. ஸ்டீயரிங்கை இடது பக்கம் ஒடித்து மண்ணில் இறக்கினேன். வண்டி நின்றபோது அந்தப் புதுக் காரின் பக்கவாட்டில், ஒரு கை தூரத்தில் இருந்தோம்.

தாத்தா குறுக்கே கையை நீட்டித்தான் பார்த்தார். அப்படியும் பையனுடைய நெற்றி டேஷ்போர்டில் மோதியது. புருவத்துக்கு மேலே மூன்று தையல். தாத்தாவுக்கு மணிக்கட்டு வீங்கிவிட்டது. வளைகாப்புக்குப் போகாமல் வீடு திரும்பினோம். அன்று ராத்திரி தாத்தா சொன்னார்: "வித்துடலாம்."

அப்பாயிதான் மறுத்தது. "வண்டி என்ன பண்ணும்? பார்க்காம விட்டது நாமதானே?"

மறுநாள் மெக்கானிக் வந்து சக்கரத்தைக் கழற்றிக் காட்டியபோது அது உண்மையென்று தெரிந்தது. பிரேக் ஆயிலை அழுத்தித் தள்ளும் ரப்பர் இறுகிப்போய், ஒரு சக்கரத்தில் ஆயில் கசிந்திருந்தது. இன்றைய கார்களில் பிரேக் குழாய் இரண்டு தனித்தனி வழியாகப் போகும். ஒன்று போனாலும் இன்னொன்று பிடிக்கும். எங்கள் வண்டியில் நாலு சக்கரத்துக்கும் ஒரே வழி. ஒரு சக்கரத்தில் கசிந்தால் நாலுக்கும் ஆபத்து. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் என்பதால், ஓடாமல் நிற்கிற வண்டிக்கும் அதைக் காலாகாலத்தில் மாற்ற வேண்டுமாம். "கடைசியா எப்ப மாத்துனீங்க?" என்று கேட்டார். நானும் தாத்தாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். போதாததற்கு எங்கள் ஊர் உப்புக்காற்று. அடியில் போகும் இரும்புக் குழாயும் துருப்பிடித்திருந்தது.

டயரில் பட்டன் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் டயர் ஓரத்தில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் வருடம். எங்கள் டயரில் 1411. அதாவது 2011-ம் வருடம், 14-வது வாரம். ஓடாவிட்டாலும் ரப்பருக்கு வயசாகும். நான்கையும் மாற்றினோம். நீங்களும் உங்கள் வண்டியில் ஒருமுறை குனிந்து பாருங்கள்.

அடுத்தது பெல்ட். நம் நாட்டில் கார் தயாரிக்கும்போதே முன்சீட்டுக்கு பெல்ட் வைக்க வேண்டும் என்ற கட்டாயம் வந்ததே 1994-ல்தான். அதற்கு முந்தைய வண்டிகள் பலவற்றில் பெல்ட்டே கிடையாது. தகரத்தில் ஓட்டை போட்டு போல்ட் முடுக்கினால், மோதும்போது பிய்த்துக்கொண்டு வந்துவிடும். அதனால் பின்னால் இரும்புப் பட்டை வைத்துப் பலப்படுத்தி, தோளையும் இடுப்பையும் சேர்த்துப் பிடிக்கிற பெல்ட்டை முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என மாட்டினோம். முன்சீட்டின் நடுவில் இனி யாருக்கும் இடமில்லை.

பெட்ரோல் குழாயையும் மாற்றினோம். இப்போது பெட்ரோலில் எத்தனால் கலந்து வருகிறது. பழைய ரப்பர் அதைத் தாங்காமல் ஊறி வெடித்துக் கசியும். எங்கள் பக்கத்தில் இதற்கு இன்னொரு பயமும் உண்டு. அறுவடைக் காலத்தில் ரோட்டிலேயே வைக்கோலைப் பரப்பிவிடுவார்கள். அது அடியில் சுற்றிக்கொண்டு, சூடான சைலன்சரில் பட்டால் தீப்பிடிக்கும். வைக்கோல் பரப்பிய ரோட்டைத் தாண்டினால் ஓரமாக நிறுத்தி, குனிந்து பார்த்துவிட்டுத்தான் கிளம்புகிறோம். சீட்டுக்குக் கீழே சின்ன தீயணைப்பான் ஒன்றும் இருக்கிறது.

இடது பக்கத்துக்கும் ஒரு கண்ணாடி, பின்கண்ணாடியில் கூடுதலாக ஒரு பிரேக் விளக்கு மாட்டினோம். வலது கையை வெளியே நீட்டி மேலும் கீழும் அசைத்தால் 'வேகத்தைக் குறைக்கிறேன்' என்று அர்த்தம். தாத்தா இன்னமும் காட்டுவார். பின்னால் வருகிற என் வயசுக்காரர்கள் யாரோ டாட்டா காட்டுகிறார்கள் என்றுதான் நினைப்பார்கள்.

எங்கள் பழைய சண்டைக்கும் முடிவு கட்டினோம். தாத்தா சொன்ன இடைவெளியும் சரி. மெதுவாகப் போனால் பின்னால் ஆபத்து என்று நான் சொன்னதும் சரி. அதனால் நால்வழிச்சாலையைக் கூடியவரை தவிர்த்துவிட்டு, ஊர் ரோட்டில் திருவெண்காடு வழியாகப் போகிறோம். ராத்திரியிலும் மழையிலும் வண்டி வெளியே வராது. முன்னால் போகிற வண்டி ஒரு கம்பத்தைத் தாண்டியதும் நிதானமாக நாலு எண்ணுவேன். அதற்குள் நாமும் அந்தக் கம்பத்துக்கு வந்துவிட்டால், ஒட்டிப் போகிறோம் என்று அர்த்தம். பின்னால் வண்டிகள் சேர்ந்தால் ஓரங்கட்டி வழி விடுகிறேன். அதில் ஒரு கௌரவக் குறைச்சலும் இல்லை.

2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, 50 வயது கடந்த, அசல் நிலை மாறாத வண்டிகளை 'விண்டேஜ்' என்று பதிவு செய்யலாம். 'விஏ' என்ற எழுத்தோடு தனி நம்பர் பிளேட் கிடைக்கும். எங்கள் வண்டிக்கு 2028-ல் 50 ஆகிறது. ஆனால் அப்படிப் பதிவு செய்த வண்டியைக் கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது போன்றவற்றுக்குத்தான் ரோட்டில் எடுக்கலாம். தாத்தாவிடம் சொன்னேன். "அப்ப உங்க அப்பாயியை உட்கார வச்சு பீச்சுக்குக் கூட்டிட்டுப் போக முடியாதா? வேணாம் போ" என்றார்.

சித்ரா பௌர்ணமிக்குக் கடற்கரைக்குப் போனோம். தாத்தாதான் ஓட்டினார், இருட்டுவதற்குள் திரும்பிவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு. பையன் பின்சீட்டில் ஏறி பெல்ட்டைத் தானே மாட்டிக்கொண்டு, அப்பாயியின் பெல்ட்டையும் சரிபார்த்தான். புருவத்துக்கு மேலே அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.

இப்போது ஆபீஸில் அந்த வரியை அடிக்கும்போது கை நின்றுவிடுகிறது. செய்தி தந்த நிருபருக்கு போன் செய்து, "பெல்ட் போட்டிருந்தாங்களா?" என்று கேட்கிறேன். பதிலையும் சேர்த்துத்தான் ஏற்றுகிறேன்.