ராத்திரி பன்னிரண்டு மணி நெட்

எங்கள் வீட்டு வைஃபையை நிறுத்தி ஒரு வருஷம் ஆகப்போகிறது. மும்பை மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் வைஃபை என்றால் கேபிள்காரர் கொடுக்கிற லைன்தான். கரண்ட் ஒயரோடும் டிவி கேபிளோடும் பின்னிக்கொண்டு, கல்லி என்று நாங்கள் சொல்லும் சந்தில் நம் தலைக்கு மேலேயே வரும் ஒரு கறுப்பு ஒயர், ஜன்னல் கம்பிக்குள் நுழைந்து பரண்மேல் இருக்கும் பெட்டியில் போய்ச் சேரும். என் வீட்டுக்காரர் தாராவியில் தோல் பை தைக்கிறார். பட்டறையில் ஆர்டர் குறைந்து வாரக்கூலி சுருங்கியபோது பாலிலும் கேஸிலும் மகள் டியூஷனிலும் கை வைக்க மனசு வரவில்லை. கடைசியில் அந்தப் பெட்டியில் கை வைத்தோம். மாசம் ஐந்நூறு ரூபாய் மிச்சம்.

வைஃபை போனால் என்ன, போனில்தான் நெட் இருக்கிறதே என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னார். ஆனால் 2024 ஜூலையில் ஜியோ, ஏர்டெல், வோடஃபோன் ஐடியா மூன்றும் ஒரே சமயத்தில் விலையை ஏற்றிவிட்டிருந்தன. ஜியோவில் தினம் ஒன்றரை ஜிபி தரும் பேக் 239 ரூபாயிலிருந்து 299 ஆனது. அதுவும் 28 நாளுக்கு. சம்பளமும் வாடகையும் பன்னிரண்டு மாசம், ரிச்சார்ஜ் மட்டும் வருஷத்துக்குப் பதின்மூன்று தடவை. முப்பது நாள் பேக் ஒன்றாவது கட்டாயம் இருக்க வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2022 ஜனவரியில் உத்தரவு போட்டது. இருந்தும் எங்கள் கல்லிக் கடையில் போய் நின்றால் முதலில் காதில் விழுவது 28 நாள் பேக்தான். எங்கள் வீட்டில் நான்கு போன். நான்குக்கும் 299 போட்டால் வைஃபையை நிறுத்தி என்ன பிரயோஜனம்? அதனால் மகன் போனுக்கு ஒன்றரை ஜிபி, அதிலிருந்து மற்றவர்களுக்கு ஹாட்ஸ்பாட் என்று முடிவானது. பணம் வாங்க யுபிஐ வேண்டுமே என்று வீட்டுக்காரருக்கும், எனக்கும் கொஞ்சமாக நெட் உள்ள சின்ன பேக். பாக்கி இருந்தது அத்தையின், அதாவது என் மாமியாரின், போன்.

நாங்கள் கேட்பதற்கு முன்னாலேயே அத்தை சொல்லிவிட்டார்: "எனக்கு எதுக்கும்மா நெட்டு? போன் வந்தா எடுத்துப் பேசணும், அவ்வளவுதானே."

நெட் வேண்டாதவர்களுக்குப் பேச்சும் எஸ்எம்எஸ்சும் மட்டும் உள்ள பேக் தனியாக வேண்டும் என்று 2024 டிசம்பரில் டிராய் விதி கொண்டுவந்தது. அடுத்த மாசமே கம்பெனிகள் கொண்டுவந்தன. 84 நாளுக்கு ஏர்டெல்லில் 469, ஜியோவில் 448. அப்படி ஒன்றைத்தான் அத்தைக்குப் போட்டோம். பட்டன் போன் வைத்திருப்பவர்களுக்கு அது நல்ல ஏற்பாடு, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அத்தையிடம் இருப்பது பட்டன் போன் இல்லை. திருநெல்வேலிப் பக்கம் ஊரில் இருக்கும் தங்கச்சியோடு மத்தியானம் அவர் வீடியோ காலில் பேசுவார். அந்தப் பாட்டி போனைத் திருப்பித் திருப்பிப் பிடித்து, முருங்கை பூத்திருப்பதையும் வெள்ளாடு குட்டி போட்டதையும் காட்டுவார். அம்மன் கொடைத் திருவிழா சமயத்தில் வில்லுப்பாட்டு, கணியான் கூத்து, சாமியாட்டம் எல்லாம் துண்டு துண்டாக வாட்ஸ்அப்பில் வரும். அத்தை போனை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றையும் மறுபடி மறுபடி பார்ப்பார். இந்தத் தடவை கொடை முடிந்த பிறகு, மகன் காலேஜிலிருந்து வந்து ஹாட்ஸ்பாட் போட்டதும்தான் அத்தனையும் மொத்தமாக வந்து விழுந்தன. அத்தை ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் வயிறு எரிந்தது.

ஒரு வீட்டில் செலவைக் குறைக்க வேண்டும் என்றால் "எனக்கு வேண்டாம்" என்று யார் முதலில் சொல்கிறார்களோ அவர்களிடமிருந்துதான் குறைகிறது. எங்கள் கல்லியில் பல வீடுகளில் விசாரித்துப் பார்த்தேன். நெட்டை முதலில் விட்டது பாட்டி, இல்லாவிட்டால் அம்மா, அதுவும் இல்லாவிட்டால் படிக்கிற பெண்பிள்ளை.

என் மகள் பத்தாம் வகுப்பு. அவளுக்குத் தனி போன் இல்லை, என் போனில்தான் பாடம் பார்க்கிறாள். அண்ணன் வீட்டில் இருந்தால் ஹாட்ஸ்பாட் உண்டு. அவன் வெளியே கிளம்பினால் நெட்டும் அவன் சட்டைப்பையில் கிளம்பிவிடும். அவன் திரும்பி வரும்போது ஒன்றரை ஜிபியில் முக்கால்வாசி தீர்ந்திருக்கும். மிச்சமும் தீர்ந்ததும் வேகம் 64 கேபிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிடும். எழுத்தாக வரும் மெசேஜ் மட்டும் எப்படியோ போகும். படம் சுற்றிக்கொண்டே இருக்கும். சயின்ஸ் வீடியோ திறக்கவே திறக்காது. புது நாளின் கணக்கு ராத்திரி பன்னிரண்டு மணிக்குத் தொடங்கும். அதற்காக அவள் அலாரம் வைத்து எழுந்து, அண்ணன் தலைமாட்டிலிருந்து போனை எடுத்து ஹாட்ஸ்பாட் போட்டு, மறுநாள் பாடங்களை டவுன்லோடு பண்ணி வைத்துவிட்டு மறுபடி படுக்கிறாள். காலை ஆறரைக்குப் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்ப வேண்டிய பிள்ளை.

64 கேபிபிஎஸ் என்பது ஏறக்குறைய பழைய டயல்அப் வேகம். அந்த மோடத்தின் உச்சபட்சமே 56. 1995 ஆகஸ்ட் 15-ஆம் தேதி அரசு நிறுவனமான விஎஸ்என்எல் இணையத்தைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டபோது முதலில் கிடைத்த ஊர்களில் பம்பாயும் ஒன்று. பிற்பாடு செம்பூரில் என் அண்ணன் டிடிபி கடை வைத்திருந்தபோது அந்த மோடம் கீச்சிட்டு இரைந்து லைன் பிடிப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். நெட் ஓடும்வரை டெலிபோன் எங்கேஜ். 2004-இல் அரசு வகுத்த கொள்கைப்படி 256 கேபிபிஎஸ் இருந்தாலே அது பிராட்பேண்ட். அண்ணனும் ஆசையாக வாங்கினான். ஆனால் மாத அளவைத் தாண்டினால் ஒவ்வொரு எம்பிக்கும் தனிக் காசு. பில் எகிறியதும் டயல்அப்புக்கே திரும்பிவிட்டான். கடை பாட்டுக்கு நடந்தது. ஈமெயில் போனது, பரீட்சை ரிசல்ட் தெரிந்தது, ரயில் பிஎன்ஆர் பார்க்க முடிந்தது. ஏனென்றால் அன்றைக்குப் பக்கங்களை அந்த வேகத்துக்கு ஏற்ற மாதிரித்தான் செய்தார்கள்.

இன்றைக்கு இரண்டு எம்பி கனக்கும் பக்கம் சர்வசாதாரணம். 56 கேபிபிஎஸ்ஸில் அதைத் திறக்க ஐந்து நிமிஷம் பிடிக்கும். 2025 செப்டம்பரில், பெண்களுக்கு மகாராஷ்டிர அரசு உதவித்தொகை தரும் லாட்கி பஹின் திட்டத்துக்கு இ-கேஒய்சி கட்டாயம் என்றார்கள். மாசம் 1,500 ரூபாய் எங்களுக்குச் சின்னக் காசு இல்லை. என் ஆதாருக்கு ஓர் ஓடிபி, வீட்டுக்காரர் ஆதாருக்கு ஓர் ஓடிபி. சாயங்காலம் அவர் வந்த பிறகுதான் இரண்டு போனும் ஒன்றாக இருக்கும், அந்நேரம் நெட் தவழும். பக்கம் முழுசாக வருவதற்குள் ஓடிபி காலாவதி. கடைசியில் 90 அடி ரோட்டில் ஒரு கடைக்காரருக்குக் காசு கொடுத்துத்தான் முடித்தேன். நெட்டில் மிச்சம் பிடித்ததை இப்படித்தான் வெளியே கொடுக்கிறோம்.

சில தளங்களை மட்டும் இலவசமாகத் தருகிறோம் என்று முன்பு கம்பெனிகள் வந்தபோது டிராய் 2016 பிப்ரவரியில் அதைத் தடுத்தது. அது சரியான முடிவு என்றே இன்றும் நினைக்கிறேன், எதைப் பார்க்கலாம் என்று கம்பெனி முடிவு செய்யக் கூடாது. நான் கேட்பது இலவசம் இல்லை. ரேஷன், உதவித்தொகை, பரீட்சை, ஆஸ்பத்திரி இவற்றுக்கான அரசுப் பக்கங்கள் 64 கேபிபிஎஸ்ஸில் திறக்க வேண்டும். பெரிய படமும் ஓடுகிற பேனரும் அமைச்சர் முகமும் இல்லாமல், எழுத்தும் நிரப்ப வேண்டிய கட்டமும் மட்டும் இருந்தால் போதும். அண்ணன் கடையில் அந்த வேகத்தில் வேலை நடந்ததைக் கண்ணால் பார்த்தவள் நான்.

கேம்ப்பில் பெரியவர்கள் ஒன்று சொல்வார்கள். மராத்தி எழுத்தாளர்கள் அண்ணாபாவ் சாட்டேயும் பாபுராவ் பாகுலும் இருந்த இடம் இது, எந்த வசதி இருந்தது அவர்களுக்கு, நாங்களும் தெருவிளக்கில் படித்தவர்கள்தானே என்று. அந்தப் பெருமை எனக்கும் உண்டு. ஆனால் அன்றைக்குக் கேம்ப்புப் பிள்ளைகள் எல்லோருக்கும் அதே தெருவிளக்குதான். என் மகளோடு டியூஷனில் உட்காரும் கிங்ஸ் சர்க்கிள் பிள்ளைக்கு வீட்டில் ஃபைபர் லைன். அவள் சாயங்காலம் பார்த்து முடிக்கும் பாடத்துக்காக இவள் நடுராத்திரி எழுந்திருக்கிறாள். பரீட்சை இருவருக்கும் ஒரே நாளில்தான்.

போன வாரம் நாங்கள் ஐந்து பேரும் உட்கார்ந்து பேசினோம். மகனுக்கு முகம் தொங்கிப்போனது, ஆனாலும் சம்மதித்தான். இந்த 28 நாள் முடிந்ததும் ஒன்றரை ஜிபி பேக்கை என் போனுக்கு மாற்றுகிறோம். அந்த போன் வீட்டைவிட்டு வெளியே போகாது, பரீட்சை முடியும்வரை அது மகளுடையது. மத்தியானம் அரைமணி நேரம் அதிலிருந்து அத்தைக்கு ஹாட்ஸ்பாட். அத்தையின் 84 நாள் முடிந்ததும் அவருக்கு நெட் பேக், வாய்ஸ் பேக் மகனுக்கு. அத்தை வழக்கம்போல "எனக்கு எதுக்கு" என்று ஆரம்பித்தார். "ஆச்சி, நீங்க சும்மா இருங்க" என்றாள் மகள்.