இரைச்சலின் ஊர்

திருப்பலியில் எழுந்தேற்ற வேளையின் மௌனம் தனிச்சிறப்பு உடையது. மணி ஒலித்து ஓய்ந்தபின் இறைமக்கள் அனைவரும் தலைவணங்கியிருக்கும் அக்கணத்தில், கடைசி வரிசையில் விம்மும் குழந்தையின் குரலும் பீடம்வரை கேட்கும். சென்ற ஆண்டு ஒரு ஞாயிறன்று அந்த மௌனத்தின் நடுவே, புட்டியில் அடைபட்ட வண்டு இரைவதுபோன்ற ஒலி பாடகர் குழுவின் பக்கமிருந்து எழுந்தது. இடையிடையே ‘படபட’வென்ற வெடிப்பு வேறு. மின் கிதார் வாசிக்கும் கல்லூரி மாணவன், முகம் கருத்து, ஏதோ ஒரு திருகைத் திருப்பித் தவித்துக்கொண்டிருந்தான்.

திருப்பலி முடிந்ததும் பெரியவர்கள் சிலர் நம்மைச் சூழ்ந்துகொண்டனர். “ஆர்மோனியம் போதாதா, சாமி?” என்றனர். 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருவழிபாட்டு ஏடு, குழாய் ஆர்கனைப் பெரிதும் போற்றுகிறது. புனித வழிபாட்டிற்குப் பொருந்துமாயின் பிற கருவிகளையும் ஏற்க இடமளிக்கிறது. இதையெல்லாம் குருமடத்தில் கற்றிருந்தும், அன்று விளக்கம் கூற நமக்கு மனமில்லை. “இனிக் கிதார் வேண்டாம்” என்று ஒரே சொல்லில் தீர்ப்பளித்துவிட்டோம். அடுத்த இரு ஞாயிறுகளில் கிதாரும் வரவில்லை. அதை வாசித்தவனும் வரவில்லை.

பங்குத் திருவிழாவிற்கு மைக் செட் அமைக்க வந்த முதியவரிடம் பேச்சுவாக்கில் இதைச் சொன்னோம். அவர் சிரிக்கவில்லை. “சத்தத்துக்கும் ஓர் ஊர் உண்டு சாமி. அது எந்த ஊர்னு விசாரிக்காமலே பிள்ளையைத் துரத்திட்டீங்களே!” என்றார். அச்சொல் தைத்தது. அன்று மாலையே ஆள் அனுப்பி அவனை வரவழைத்தோம். கிதாரோடு வந்தான், ஆனால் நம் முகத்தைப் பார்க்கவில்லை.

முதியவர் விசாரணையைத் தொடங்கினார். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றிப் பார்ப்பது அவரது முறை. முதலில் கிதாரின் ஒலித்திருகைப் பூச்சியமாக்கினார். இரைச்சல் குறைந்ததேயன்றி நிற்கவில்லை. “நிற்காத பங்கு கிதாருடையது இல்லை” என்றார். பின்னர் கேபிளை மெல்ல அசைத்தார், ‘படபட’ கேட்டது. வேறொரு கேபிளை மாட்டியதும் அந்த வெடிப்பு மறைந்தது. பழைய கேபிளின் முனையைத் திறந்து காட்டினார். பற்றவைப்பு விட்டுப்போய், கம்பி ஒட்டியும் ஒட்டாமலும் இருந்தது.

அடுத்து, கிதாரை ஏந்தியவாறே அவனை மெல்லத் திரும்பச் சொன்னார். ஒரு திசையில் இரைச்சல் கூடியது. மறு திசையில் தணிந்தது. கிதாரின் கம்பிகளுக்கு அடியில் இருக்கும் பிக்கப் என்பது, காந்தத்தைச் சுற்றி மெல்லிய செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகளாகச் சுற்றிய சுருள். அது கம்பியின் அதிர்வை மட்டுமன்று, சுற்றிலும் உள்ள மின்கருவிகளின் அலைகளையும் ஏந்திக்கொள்கிறது. முதியவர் சுவரில் இருந்த மின்விசிறி ரெகுலேட்டரை அணைத்தார். இரைச்சலில் பாதி போயிற்று. ஒரே சத்தம் என்று எண்ணி நாம் தண்டித்தது, உண்மையில் பல சத்தங்களின் கூட்டம்.

எஞ்சியது அடித்தொனியில் ஓர் உறுமல். நொடிக்கு 50 சுற்றுகளாக நம் வீடுகளுக்கு வரும் மின்சாரத்தின் குரல் அது என்றார் முதியவர். ஆம்ப்ளிபையரின் பிளக்கைக் கழற்றித் திறந்தவர், சற்று நேரம் பேசவில்லை. எர்த் கம்பி இணைக்கப்படாமல் மடக்கி விடப்பட்டிருந்தது.

“பாடும்போது மைக்கில உதடு பட்டா சுருக்குனு இருக்குமா, தம்பி?” என்று கேட்டார்.

“இருக்கும். எல்லாருக்கும் அப்படித்தான்னு நினைச்சேன்” என்றான் அவன்.

நம் உள்ளங்கை குளிர்ந்தது. அந்தக் கம்பியைக் கழற்றச் சொன்னவர் வேறு யாருமல்லர், நாமே. அதற்கு முந்தைய ஆண்டு அந்த ஆம்ப்ளிபையரை ஆலயத்தின் ஒலிபெருக்கியோடு இணைத்திருந்தார்கள். இரண்டு கருவிகள் வெவ்வேறு இடங்களில் எர்த் பெற்று, இடையே கேபிளாலும் இணைந்திருந்தால், அந்த வளையத்தில் மின்னோட்டம் சுற்றி உறுமலாக ஒலிப்பதுண்டு. எர்த்தைக் கழற்றினால் நின்றுவிடும் என்று யாரோ கூற, “கழற்றிவிடுங்கள்” என்று உபதேசியாரிடம் சொன்னோம். சத்தம் நின்றது, நாமும் மறந்தோம். பின்னர் அந்த இணைப்புக் கேபிளையும் எடுத்துவிட்டார்கள். ஆம்ப்ளிபையர் முற்றிலும் எர்த் இன்றி நின்றது. கிதார்க் கம்பியில் விரலும் ஒலிவாங்கியில் உதடுமாக, அவ்விரண்டுக்கும் பாலமாக அந்தப் பிள்ளை நின்றிருக்கிறான்.

1972 மே மாதம், ‘ஸ்டோன் த குரோஸ்’ என்னும் ஸ்காட்லாந்து இசைக்குழுவின் கிதார்க் கலைஞர் லெஸ் ஹார்வி, வேல்ஸ் நாட்டின் சுவான்சி நகரில் எர்த் இல்லாத ஒலிவாங்கியைத் தொட்டு, மேடையிலேயே மின்சாரம் பாய்ந்து இறந்தார். அச்செய்தியைப் பிறகு அறிந்தபோது அன்றிரவு உறக்கம் வரவில்லை. சத்தத்தை அடக்கினால் போதும் என்றிருந்தோம். அந்தச் சத்தம் நம்மை எச்சரிக்க வந்ததாகவும் இருக்கலாம் என்று எண்ணவில்லை.

பிளக்கை மீண்டும் சீராக்கினார் முதியவர். மூன்று முனைகளில் எர்த் முனை மட்டும் ஏன் நீளமாகவும் தடிமனாகவும் உள்ளது என்று அவனிடம் கேட்டு, அவரே விடையும் சொன்னார்: அது முதலில் தொடவும் கடைசியில் விடவும் வேண்டும் என்பதற்காக. உறுமல் அடங்கியது. இனி ஒலிபெருக்கியோடு இணைப்பதானால் இரண்டிற்கும் ஒரே பலகையிலிருந்து மின்சாரம் எடுக்கவும், நடுவே ஒலிக்கான தனிமைப்படுத்தும் டிரான்ஸ்பார்மர் வைக்கவும் வேண்டும்; எர்த்தில் எக்காரணம் கொண்டும் கைவைக்கக் கூடாது என்று கண்டிப்பாகக் கூறினார்.

ஒப்புரவு அருட்சாதனத்திற்கு முன் ஆன்ம ஆய்வு செய்யுமாறு மக்களுக்குப் பல்லாண்டுகளாகப் போதித்து வருகிறோம். ‘நான் பாவி’ என்று மொத்தமாகச் சொல்லிக் கடந்துவிடாமல், எது, எங்கிருந்து, எதனால் என்று பிரித்துப் பார்க்கச் சொல்கிறோம். ஒரு கேபிளையும் ஒரு ரெகுலேட்டரையும் ஒரு பிளக்கையும் அவ்வாறு பிரித்துப் பார்க்க நமக்குப் பொறுமை இல்லாமற்போயிற்று. அந்தப் பொறுமையின்மைக்கு வழிபாட்டின் மாண்பு என்று பெயரும் சூட்டிக்கொண்டோம்.

அவனிடம் மன்னிப்புக் கேட்டோம். “பரவாயில்ல, ஃபாதர்” என்று தலைகுனிந்தான். பரவாயில்லாத செய்தியன்று அது என்பதை அவனுக்கு விளங்கச் சொன்னோம். அப்போதுதான் நம் முகத்தைப் பார்த்தான்.

இன்னும் மெல்லிய முனகல் ஒன்று எஞ்சியிருந்தது. ஒற்றைச் சுருள் பிக்கப்பின் இயல்பு அது என்றார் முதியவர். 1955இல் அமெரிக்காவின் கிப்சன் நிறுவனத்தில் பணியாற்றிய சேத் லவர், இதைப் போக்கவே இரு சுருள்களை எதிரெதிராக அமைத்தார். வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டிலும் எதிர்ப்பட்டு ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். கம்பியின் இசையோ இரண்டிலும் சேர்ந்து வளரும். அத்தகைய கிதார் வாங்க அவனிடம் பணமில்லை. இருப்பதைக் கொண்டே வாசிக்கிறான்.

எழுந்தேற்ற வேளை வரும்போது தானே ஒலித்திருகைப் பூச்சியமாக்கிவிட்டு, ஐந்து விரல்களையும் கம்பிகள்மேல் வைத்து அமைதியாக நிற்கிறான். பீடத்திலிருந்து நாம் அதைக் காண்கிறோம். இப்போது கடைசி வரிசைக் குழந்தையின் விம்மல் மட்டுமே கேட்கிறது.