முறுகின பக்கம்

பிரெஞ்சில் 'ராக்லே' என்றால் சுரண்டுவது. ராக்லெட் என்ற பெயர் அங்கிருந்துதான் வந்தது. சுவிஸின் வலே மலைகளில் மாடு மேய்த்தவர்கள் சீஸை நெருப்போரம் வைத்து, இளகினதைச் சுரண்டித் தின்ற சாப்பாடு.

இப்போது லண்டன் பரோ மார்க்கெட்டில் அதற்கு நீளமான வரிசை. பாதியாக வெட்டிய சீஸ் சக்கரத்தைச் சூட்டுக்குக் கீழே வைத்து, அது பொங்கினதும் அவித்த உருளைக்கிழங்கின்மேல் கத்தியால் வழித்துவிடுகிறார்கள். அந்த மூன்று செக்கனுக்காகத்தான் எல்லாருடைய போனும் மேலே எழும்புகிறது. பக்கத்தில் குட்டி வெள்ளரி ஊறுகாய், வினாகிரியில் ஊறின வெங்காயம். அந்தப் புளிப்பு இல்லாவிட்டால் நாலாவது வாயிலேயே திகட்டிவிடும்.

ருசி நல்லாத்தான் இருந்தது. ஆனால் அந்த மணம் எனக்குப் பழசு. 1980களில் இலங்கையிலிருந்து சுவிஸுக்குப் போன நிறையப் பேரைப் போல மாமாவும் ரெஸ்டாரண்ட் குசினியில்தான் வேலை செய்தார். பள்ளிக்கூட லீவில் பேர்னுக்குப் போனால், இரவில் அவர் கதவைத் திறந்ததுமே, ஜாக்கெட்டை பல்கனியில் போடச் சொல்லி மாமி சத்தம் போடுவா.

அன்றிரவே போன் எடுத்தேன். "மாமா, நீங்கள் ராக்லெட் சாப்பிட்டிருக்கிறீங்களோ?"

"தட்டில போட்டு இல்லை, பிள்ளை. தோலோட முறுகிக் கிடக்கிற விளிம்பு இருக்கெல்லோ, அதுதான் திறம். வலேக்காரர் அதுக்குக் கன்னியாஸ்திரி எண்டு பேரே வைச்சிருக்கினம். விசயம் தெரிஞ்சவை கேட்டு வாங்குவினம். கேக்காட்டி குசினிக்குள்ள எங்களுக்கு."

கொஞ்சம் பொறுத்து, "எவ்வளவு குடுத்தனீ?" என்றார்.

பாதி விலைதான் சொன்னேன்.