சத்தம் மட்டுமா மாறுகிறது?

'டப் டப்' சத்தத்துக்காக பைக்கின் சைலன்சரை மாற்றுபவர்கள், சத்தம் மட்டும்தான் மாறும் என நினைக்கிறார்கள். ஒரிஜினல் சைலன்சருக்குள் இருக்கும் அறைகளும் துளையிட்ட குழாய்களும் ஒலியை அங்குமிங்கும் மோதவிட்டு அடக்குகின்றன. 2020 ஏப்ரலில் கட்டாயமான பி.எஸ்.6 விதிப்படி வந்த பல பைக்குகளில், அதோடு சேர்ந்தே கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் இருக்கிறது. தேன்கூடு போன்ற அதன் துளைகளில் பூசப்பட்ட பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் போன்ற உலோகங்கள், நச்சான கார்பன் மோனாக்சைடை கார்பன் டை ஆக்சைடாக மாற்றிவிடும். சைலன்சரோடு அதுவும் கழன்றால், நச்சு அப்படியே தெருவுக்கு வரும்.

போன மாதம் என் தம்பி சைலன்சர் மாற்றக் கிளம்பினான். 10,000 ரூபாய் வரை அபராதம் என்றேன்; அசரவில்லை. "தினமும் நீ வண்டியை ஸ்டார்ட் பண்றது பாட்டி உட்கார்ற திண்ணை முன்னாடிதான்டா. அவங்களுக்கு ஏற்கெனவே வீசிங்" என்றேன். சாவியை ஆணியில் மாட்டிவிட்டான்.